அறுநூறு டாலர் ரேடாரும் ஐந்து தோட்டாவும்

அமெரிக்காவின் துப்பாக்கி சுடும் மைதானங்களில் இப்போது அடிக்கடி தென்படுகிற காட்சி இது. பெஞ்சின் மேல் ரைஃபிள். குழலுக்குப் பக்கத்தில் குட்டி முக்காலி, அதன்மேல் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டி. ஆசாமி நிதானமாக ஐந்து தோட்டா சுடுகிறார். பெட்டியின் திரையில் சராசரி 2,712, திட்ட விலக்கம் 4.8 என்று எழுத்துகள் மின்னுகின்றன. அவ்வளவுதான்.. உடனே போட்டோ எடுத்து, "பாருங்கள், ஒற்றை இலக்கத் திட்ட விலக்கம்" என்று நண்பர்களுக்கெல்லாம் தம்பட்டம். அடுத்த வாரம் அதே துப்பாக்கி, அதே மருந்து, அதே குண்டு. இந்த முறை 11.6. "பிரைமர் லாட் சரியில்லை", "வெயில் ஜாஸ்தி", "ரேடாரில் ஏதோ கோளாறு" என்று ஆளாளுக்கு ஒரு காரணம். ஐந்தை வைத்துக்கொண்டு திட்ட விலக்கம் பேசலாமா என்ற சந்தேகம் மட்டும் யாருக்கும் வருவதில்லை.

பி.காம். புள்ளியியல் தாளில் பாஸ் மார்க் வாங்கியவருக்குக் கூட வரவேண்டிய சந்தேகம் அது.

முதலில் இந்தப் பெட்டி என்ன என்று கொஞ்சம். 2003 உலகக் கோப்பையில் கேப் டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக ஷோயப் அக்தர் 161.3 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து போட்டாரே, அதைச் சொன்னது ரேடார் கருவி. ஓடுகிற பொருளின் மேல் ரேடியோ அலையை அடித்தால் திரும்பி வரும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்பதிலிருந்து வேகம். டாப்ளர் 1842-இல் சொன்ன சங்கதி. ரேடார் குரோனோகிராஃப் இதையே துப்பாக்கிக் குண்டுக்குச் செய்கிறது. 24 கிகாஹெர்ட்ஸ் அலையை விநாடிக்கு 800 மீட்டரில் பறக்கும் குண்டின்மேல் அடித்தால், திரும்புவது ஏறக்குறைய 128 கிலோஹெர்ட்ஸ் மாறி வரும். இன்றைய சில்லுகளுக்கு இதை எண்ணுவது அல்வா சாப்பிடுகிற மாதிரி. (தோட்டா என்பது கூடு, பிரைமர், மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படி, பறப்பது குண்டு மட்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினால் மேலே படிப்பது சிரமம்.)

குண்டின் வேகத்தை அளக்கும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் கனமான மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடியது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டார். பிறகு எத்தனையோ வழிகள். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது ஒளிக் குரோனோகிராஃப். சில அடி இடைவெளியில் இரண்டு ஒளியுணரிகள். குண்டின் நிழல் முதலாவதைத் தாண்டி இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. வெயில் சாய்ந்தால் தகராறு, மேகம் மறைத்தால் தகராறு. அதோடு துப்பாக்கிக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி நடந்துபோய் வைக்கவேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரர்களெல்லாம் சுடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். குறி தவறி அந்தக் கருவியையே சுட்டுவிட்டவர்கள் கதை ஒரு தனிப் புத்தகம் அளவுக்கு உண்டு. :-)

அந்தக் காலத்துக் கருவிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் மரியாதையாகச் சொல்லவேண்டும். டெக்சாஸ்காரர் கென் ஓலர் செய்த 35பி. அதில் உணரிகள் இரண்டல்ல, மூன்று. ஒரே குண்டை இரண்டு முறை அளந்து இரண்டு எண்களையும் அச்சடித்துக் கொடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவை நம்பாதே என்று அர்த்தம். தன்னையே தணிக்கை செய்துகொள்ளும் கருவி! இன்றைய பளபளப் பெட்டிகள் ஒரே ஒரு எண்ணைத்தான் காட்டுகின்றன, அதுவும் தசமப் புள்ளியோடு. பார்ப்பவர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்.

பிறகு மேக்னெட்டோஸ்பீட் வந்தது. கத்தி மாட்டுவதுபோலக் குழலின் நுனியில் கட்டிவிடுவது, காந்தப்புலத்தால் அளப்பது. வேகம் ஒழுங்காகச் சொல்லும். ஆனால் குழல் நுனியில் எடை தொங்கினால் குண்டு விழுகிற இடமே மாறும். ஒரே வெடியில் வேகத்தையும் குறியையும் சேர்த்துப் பார்க்கமுடியாது. அப்புறம் கனடாவிலிருந்து லேப்ரேடார். பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் தடியான ஆரஞ்சுப் பெட்டி. இலக்கை நோக்கி ஒழுங்காகத் திருப்பிவைக்கவேண்டும், வெடிச்சத்தம் கேட்டுத்தான் விழித்துக்கொள்ளும். பக்கத்து பெஞ்சில் யாராவது சுட்டாலும் விழித்துக்கொள்ளும் என்பதுதான் அதன் லொள்ளு. 2023 கடைசியில் கார்மின் நிறுவனம் 600 டாலருக்கு ஸீரோ சி1 ப்ரோவைக் கொண்டுவந்தது. வைத்தோமா, பொத்தானை அமுக்கினோமா, சுட்டோமா, அவ்வளவுதான். 2024-இல் லேப்ரேடாரும் எல்எக்ஸ் என்று உடம்பு இளைத்து வந்தது. அத்லான், கால்டுவெல் எல்லாம் போட்டிக்கு இறங்கின, விலையும் இறங்கியது.

எதை வாங்குவது? இங்கேதான் அக்கப்போர் ஆரம்பம். "இதன் துல்லியம் அதைவிட மேல்" என்று பக்கம் பக்கமாக ஜல்லியடிக்கிறார்கள். இரண்டு மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்து ஒரே குண்டை அளந்து, ஒன்று 2,704 என்றது, இன்னொன்று 2,706 என்றது என்று பட்டியல் போடுகிறார்கள். பழைய லேப்ரேடார், புதிய கார்மின் இரண்டுமே தங்கள் துல்லியம் 0.1 சதவீதம் என்றுதான் சொல்கின்றன. 2,700 அடி வேகத்தில் அது 2.7 அடி.

இந்த 2.7 அடி எதைக் கெடுத்துவிடும்? ஒரு துப்பாக்கியின் உண்மையான திட்ட விலக்கம் 10 அடி என்று வைத்துக்கொள்ளலாம். கருவியின் பிழை முழுவதும் தாறுமாறாகத்தான் வருகிறது, 2.7 முழுதாக அதில் கலக்கிறது என்று மோசமாகவே எடுத்துக்கொண்டாலும், விலக்கங்கள் நேராகக் கூடாது, வர்க்கமாகத்தான் கூடும். 100-உம் 7.3-உம் சேர்ந்து 107.3. வர்க்கமூலம் 10.4. பத்து என்பதைப் பத்தே கால், பத்தரை என்று காட்டும். இதற்காகவா இவ்வளவு சண்டை?

இப்போது அடுத்த பக்கத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து தோட்டா சுட்டு, திட்ட விலக்கம் 10 என்று வந்தால், அந்தத் துப்பாக்கியின் உண்மையான விலக்கம் 95 சதவீத நம்பிக்கையோடு எங்கே இருக்கும்? கை-வர்க்க அட்டவணையை எடுத்துப் பார்த்தால் 6-லிருந்து 29 வரை. ஆமாம், ஆறிலிருந்து இருபத்தொன்பது வரை. போட்டியில் ஜெயிக்கிற தோட்டாவும் குப்பைத் தோட்டாவும் ஒரே இடைவெளிக்குள். பத்து சுட்டால் 6.9-லிருந்து 18.3. முப்பது சுட்டால்தான் 8-லிருந்து 13.4 என்று ஏதோ பேசக்கூடிய அளவுக்கு வருகிறது. கருவியால் வரும் பிழை அரை அடிக்குக் குறைவு. கூறு சிறுத்ததால் வரும் பிழை பத்து இருபது அடி. எறும்பை அடிக்கத் தடி தேடுகிறவர் பின்னால் நிற்கிற யானையைப் பார்க்கவில்லை.

வீச்சு என்ற இன்னொரு எண்ணும் திரையில் வரும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். இது அதைவிடப் பம்மாத்து. திட்ட விலக்கம் 10 உள்ள அதே தோட்டாவை மூன்று சுட்டால் வீச்சு சராசரியாக 17 வரும். ஐந்து சுட்டால் 23. பத்து சுட்டால் 31. இருபது சுட்டால் 37. சுடச்சுட வீச்சு ஏறத்தான் செய்யும், அது அதன் இயல்பு. மூன்று மட்டும் சுட்டு நிறுத்திக்கொள்கிறவர் எப்போதும் கெட்டிக்காரராகத் தெரிவார்.

இந்த மயக்கம் வெறும் தம்பட்டத்தோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நிற்பதில்லை. தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்களிடம் 'ஏணிச் சோதனை' என்று ஒன்று பரவியிருக்கிறது. மருந்தை 0.2 கிரெய்ன், 0.2 கிரெய்னாக ஏற்றிப் பத்துத் தோட்டா நிரப்புவது. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை சுட்டு வேகத்தைக் குறிப்பது. வரைபடத்தில் எங்கே வேகம் ஏறாமல் தட்டையாக நிற்கிறதோ அதுதான் அந்தத் துப்பாக்கியின் 'ராசியான இடம்' என்று முடிவு கட்டுவது. மருந்து கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த இடத்தில் வேகம் மாறாதாம்.

.308 போன்ற ஒரு தோட்டாவில் 0.2 கிரெய்னுக்கு வேகம் பத்து அடி அளவில்தான் ஏறும். ஒவ்வொரு வெடிக்கும் இயல்பான தடுமாற்றமே பத்து அடி. அடுத்தடுத்த இரண்டு வெடிகளின் வித்தியாசத்துக்குத் தடுமாற்றம் பதினான்கு. ஏறவேண்டியது பத்து, தடுமாறுவது பதினான்கு! பத்துப் படியில் எங்காவது ஓரிடத்தில் தட்டையாகத் தெரிவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல், அங்கே உண்மையில் எதுவுமே இல்லாவிட்டாலும். மேகத்தில் பிள்ளையார் தெரிகிற கதைதான். அதே ஏணியை இன்னொரு முறை ஏறினால் பிள்ளையார் வேறு மேகத்தில் உட்கார்ந்திருப்பார். குண்டு தயாரிக்கும் ஹார்னடி நிறுவனத்தார் 2022-லேயே தங்கள் ஒலிநிகழ்ச்சியில் சின்னக் கூறுகளை வைத்து முடிவு செய்வதைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் இன்னும் ஏணியில்தான்.

இதில் பணமும் போகிறது, குழலும் தேய்கிறது. 6.5 கிரீட்மூர் ரகத் துப்பாக்கிக் குழலின் ஆயுள் இரண்டாயிரம் மூவாயிரம் வெடிதான். உற்பத்தி அலகு முறையில் தேய்மானம் போடுகிற மாதிரி, ஒவ்வொரு வெடிக்கும் குழலின் விலையில் ஒரு பங்கு கழிகிறது. ஒவ்வொரு புது மருந்துக்கும் ஒரு ஏணி, ஒவ்வொரு புதுக் குண்டுக்கும் ஒரு ஏணி என்று ஏறுகிறவர், குழலின் ஆயுளில் நல்ல பகுதியை மேகம் பார்ப்பதிலேயே செலவழித்துவிடுகிறார்.

அப்படியானால் குரோனோகிராஃபே வேண்டாமா? அப்படிச் சொல்பவர் அதைவிட ஆபத்தானவர். இந்தப் பெட்டியின் உண்மையான வேலை இரண்டு இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் யாரும் போட்டோ எடுப்பதில்லை.

ஒன்று, உயிர். .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. முகத்துக்கு அரையடி தள்ளி நடக்கிற சமாசாரம் அது. வீட்டில் தோட்டா நிரப்புகிறவரிடம் அழுத்தமானி கிடையாது. பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுவது போன்ற அறிகுறிகள் பல நேரம் எல்லையைத் தாண்டிய பிறகே தலைகாட்டும். ஆனால் வேகம் சும்மா வராது, அழுத்தம்தான் வேகம் தரும். கையேட்டில் உச்ச மருந்துக்கு இவ்வளவு வேகம் என்று போட்டிருக்க, அதைவிடக் குறைந்த மருந்திலேயே, அதே நீளக் குழலில், எண்பது அடி கூடுதலாக வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. தராசு தப்பாக இருக்கலாம், மருந்து வேறாக இருக்கலாம், அறை இறுக்கமாக இருக்கலாம். காரணம் பிறகு பார்க்கலாம், சுடுவதை அங்கேயே நிறுத்தவேண்டும். இதற்கு முப்பது தோட்டா தேவையில்லை, இரண்டு மூன்றே போதும். எண்பது அடி என்பது தடுமாற்றத்துக்குள் அடங்காது. ஆனால் நடப்பது என்ன? கையேட்டைவிட நூறு அடி கூட வந்தால் "என் துப்பாக்கி வேகமான துப்பாக்கி" என்று பெருமை! எச்சரிக்கை மணி அடிக்கிறது, ஆசாமி தாளம் போடுகிறார்.

இரண்டு, வேட்டை. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. இப்போது ஃபேஷன் 16, 18 அங்குலக் குட்டைக் குழல், அதன் நுனியில் ஒரு சத்தந்தணிப்பான். ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 20 அடி வேகம் போகும். எட்டு அங்குலத்துக்கு நூற்றைம்பது இருநூறு அடி காலி. சாதாரண வேட்டைக் குண்டு விலங்கின் உடம்பில் விரிந்தால்தான் சட்டென்று கொல்லும். அப்படி விரிய, பல குண்டுகளுக்கு விநாடிக்கு 1,800 அடியாவது தேவை. பெட்டி எண்ணை நம்பி, 400 கஜத்தில் நிற்கும் மானைச் சுட்டால், குண்டு விரியாமல் ஊசி குத்தினதுபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் ஓடிவிடும். எங்கோ புதருக்குள் மணிக்கணக்கில் கிடந்து சாகும். இதைத் தடுக்கிற அளவீட்டுக்குத் தசமப் புள்ளியே வேண்டாம். தன் துப்பாக்கியிலிருந்து பத்துத் தோட்டாவின் சராசரி தெரிந்தால் போதும். இருபது அடி தப்பாக இருந்தாலும் பாதகமில்லை. திட்ட விலக்கத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் வேட்டைக்காரர் எத்தனை பேர் தங்கள் குண்டு எந்தத் தூரத்தில் 1,800-க்குக் கீழே இறங்குகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள்?

திட்ட விலக்கம் உண்மையிலேயே முக்கியமாகிற ஓர் இடம் உண்டு. மறுக்கவில்லை யாரும். ஆயிரம் கஜத்தில் சுடுகிற போட்டிக்காரருக்கு வேகம் இருபது அடி குறைந்தால் குண்டு ஏழெட்டு அங்குலம் தாழ்ந்து விழும். அதே இருபது அடி 300 கஜத்தில் அரை அங்குலம் கூட ஆகாது. மைதானத்தில் 100 கஜத்தில் சுட்டுவிட்டு விலக்கம் 9-ஆ 12-ஆ என்று தூக்கம் கெடுகிறவர் யாருக்காகக் கெடுகிறாரோ தெரியவில்லை. ஆயிரம் கஜக்காரரும் முப்பது ஐம்பது வெடியின் கணக்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசட்டும்.

இங்கேதான் ரேடார் பெட்டியின் அருமை தெரிகிறது, விளம்பரம் சொல்கிற காரணத்துக்காக அல்ல. துல்லியம் ஒளிக் கருவியிலேயே ஏறக்குறைய போதுமான அளவு இருந்தது. இல்லாமல் போனது பொறுமை. முன்னே நடந்து, நிறுத்தி, நிழல் பார்த்து, கம்பி இழுத்து.. அதனால்தான் ஐந்து வெடியோடு மூட்டை கட்டினார்கள். ரேடாரில் அந்தத் தொல்லை இல்லை. பயிற்சிக்குச் சுடுகிற ஒவ்வொரு வெடியும் தானாகப் பதிவாகும். தனியாக ஒரு தோட்டாவும் வீணாக்காமல், மூன்று வாரத்தில் நூறு வெடியின் கணக்கு கையில் இருக்கும். ஐந்து வெடியின் பொய்யிலிருந்து தப்பிக்கிற வழி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வாங்குகிறவர் அதை வைத்துக்கொண்டு மறுபடியும் ஐந்தே சுட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். எரிச்சல் வருவது இதற்குத்தான்.

ஆகவே தேர்வு செய்யும்போது 0.1 சதவீதத்தை மறந்துவிடலாம். மைதானத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் பையிலிருந்து வெளியே எடுக்கத் தோன்றுகிற கருவி எது என்பதே கேள்வி. அந்தக் கணக்கில் கார்மின் முன்னால் நிற்கிறது. ஒரு முறை மின்னேற்றினால் இரண்டாயிரம் வெடி வரை தாங்கும் என்கிறது நிறுவனம். மலிவுப் பெட்டிகளும் பக்கத்தில்தான் நிற்கின்றன. குழல் நுனியில் வேகம் மட்டும் வேண்டுமானால் இவையே போதும். குண்டு போகப்போக எப்படி வேகம் இழக்கிறது என்று பார்க்கவேண்டியவருக்குப் பழைய ஆரஞ்சுப் பெட்டி இன்னும் தேவை. சொந்தமாகத் தேர்ந்தெடுத்த ஐந்து தூரங்களில் வேகத்தைச் சொல்லும் அது. எதை வாங்கினாலும் கையேட்டில் சொன்ன இடத்தில், சொன்ன கோணத்தில் வைக்கவேண்டும். குண்டு போகும் கோட்டுக்கு 5 டிகிரி சாய்வாக ரேடார் பார்த்தால் வேகம் 0.4 சதவீதம் குறைந்து தெரியும், 2,700-இல் பத்து அடி. உள்ளே இருக்கிற கணக்கு இதைத் திருத்தப் பார்க்கும், ஆனால் பெட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொய் சொல்லிவிட்டுத் திருத்தச் சொன்னால் அது என்ன செய்யும் பாவம்.

ஏர்கன்காரர்கள் விஷயம் மட்டும் தனி. அங்கே வேகம் சட்டப் பிரச்னை. இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டினால் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டினால் லைசென்ஸ். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. வேகத்தில் 3 சதவீதத் தப்பு ஆற்றலில் 6 சதவீதத் தப்பாகிவிடும். 8.4 கிரெய்ன் பெல்லட்டுக்கு இங்கிலாந்து எல்லை விநாடிக்கு 245 மீட்டர் அளவில், இந்திய எல்லை 271 மீட்டர் அளவில். எல்லையை ஒட்டி நிற்கிறவர் துல்லியத்தைப் பார்த்தே வாங்கவேண்டும். பெல்லட்டை எடைபோட ஒரு நல்ல தராசும் கூடவே.

மற்றவர்களுக்கு இன்னொரு கணக்கு. நல்ல ரகத் தோட்டா ஒன்று ஒன்றரை டாலர் என்றால், 600 டாலர் என்பது 400 தோட்டா. வருஷத்துக்கு இரண்டு பெட்டித் தோட்டா, அதாவது நாற்பது வெடி சுடுகிற வேட்டைக்காரருக்கு அது பத்து வருஷச் சாப்பாடு. அவருக்குத் தேவை சீசனுக்கு முன்னால் ஒரே ஒரு காலை, ஒரே ஒரு சராசரி. மைதானத்தில் யாரிடமாவது இந்தப் பெட்டி இருக்கும். கேட்டால் கொடுப்பார், சந்தோஷமாகவே கொடுப்பார், கூடவே தன் ஐந்து வெடித் திட்ட விலக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். அதைக் கேட்டுக்கொள்வதுதான் வாடகை.